சாய்ந்தது சர்வாதிகாரம், சாய்த்தது எது?

இரண்டாம் உலகப் போரில் இட்லர் வென்றிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்கும் அந்தக் கற்பனையைப் பிலிப் கே. டிக் 1962-இல் புதினமாக்கினார். அதைத் தழுவி 2015 முதல் 2019 வரை நாற்பது பகுதிகளாக வெளிவந்த தொலைக்காட்சி நாடகம் 'தி மேன் இன் தி ஹை காசில்'. கிழக்கு அமெரிக்கா நாசிகளின் காலடியில்; மேற்குக் கரை சப்பானியப் பேரரசின் பிடியில்!

நாடகத்தின் உயிர்நாடி ஜான் ஸ்மித். அமெரிக்கப் போர்வீரனாக இருந்தவன், நாசிச் சீருடை பூண்டு பதவிப் படிகளில் ஏறுகிறான். வெளியே கொடியவன், வீட்டிலே கனிவான தந்தை. மகன் தாமசுக்குத் தீராத தசைநோய் என்று மருத்துவர் கூறியதும், அந்த மருத்துவரையே கொன்றுவிடுகிறான். ஏன்? நோயுற்றோர் வாழத் தகுதியற்றோர் என்பது அவன் கட்டிக்காக்கும் சட்டமாயிற்றே! மகனோ, ஆட்சி புகட்டிய பாடத்தை நம்பித் தன்னைத்தானே ஒப்படைக்கிறான். இது வெறுங்கற்பனையா? இல்லை, தோழர்களே! 1939-க்கும் 1941-க்கும் இடையே செருமனியில் நோயாளிகளும் உடற்குறையுடையோருமாக 70,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறே கொல்லப்பட்டனர். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசும் கொள்கை, பேசியவன் வீட்டையும் எரிக்காமல் விடாது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

ஆனால், வீழ்ச்சியைக் காட்டுமிடத்தில் நாடகம் இடறுகிறது. மேற்கிலே கறுப்பினப் புரட்சியாளர் அணி திரள்கின்றனர். எண்ணெய்க் குழாய்களைத் தகர்க்கின்றனர். ஆள்வதால் வரும் ஆதாயத்தைவிட இழப்பே மிகுதி என்றானதும் பேரரசு வெளியேறுகிறது. காரணம் உண்டு, காரியமும் உண்டு. கிழக்கிலோ தொடர்வண்டி கவிழ்கிறது; ஸ்மித் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாள்கிறான்; அடுத்த தளபதி சின்னத்தைக் கழற்றிவிட்டுத் தாக்குதலை நிறுத்துகிறான். அவ்வளவுதானா? ஒற்றர் படை எங்கே? நீதிமன்றங்கள் எங்கே? நஞ்சூட்டிய பள்ளிகள் எங்கே?

ஒருவன் போனதால் ஓர் ஆட்சி போய்விடுமா? போர்ச்சுக்கலைப் பாருங்கள். 1968-இல் நோயுற்றுப் பதவியிழந்தார் சலாசார். அவர் அமைத்த ஆட்சியோ மேலும் ஆறாண்டு நீடித்தது. 1961-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் போர்களில் சலிப்புற்ற இளம் படையதிகாரிகள், 1973 முதல் கூடிப் பேசித் திட்டமிட்ட பின்னரே, 1974 ஏப்பிரல் 25-இல் அது கவிழ்ந்தது. வீட்டிலேயே இருங்கள் என்று வானொலி வேண்டியும், மக்கள் வீதிகளில் வெள்ளமெனத் திரண்டனர்.

அந்தத் தளபதியின் உள்ளத்தில் ஐயம் முளைத்து வளர்ந்த கதையைச் சொல்லியிருந்தால், முடிவு நம்மை ஆட்கொண்டிருக்கும். அதைச் சொல்லாமல், மாற்றுலக வாயிலின் வழியே மனிதர்கள் நடந்துவரும் மாயக்காட்சியோடு திரை விழுகிறது! உழைப்பு காட்ட வேண்டிய இடத்தை அற்புதம் பிடித்துக்கொண்டது.

நாடகத்தைப் பாருங்கள், ஸ்மித்தின் உணவு மேசையை மறவாதீர்கள். கொடுங்கோன்மை அங்கேதான் வேர்விடுகிறது. அந்த வேரை, வேறோர் உலகத்திலிருந்து வருவோர் பறிக்கப் போவதில்லை. இங்கு வாழும் மனிதரே பறித்தாக வேண்டும்.