அருவமா, அருவுருவமா? குப்காவின் ‘அமோர்பா’ ஓவியம்

1912 ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற இலையுதிர்காலக் கலைக் கண்காட்சியிலே ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரமும் அதேயளவு அகலமுமுடைய ஓவியமொன்று வைக்கப்பட்டது. அக்கிழியிலே மனிதரில்லை, மரமில்லை, மலையில்லை. கருமையும் வெண்மையுமாய்க் கிடந்த பரப்பின்மீது சிவப்பும் நீலமும் வளைந்து, பிணைந்து, சுழன்றன. வரைந்தவர் 1871 இல் பொகீமியாவிற் பிறந்து பாரிசிற் குடியேறிய பிரான்டிசெக் குப்கா. ‘அமோர்பா: இரு வண்ணப் பியூக்கு’ என அதற்குப் பெயரிட்டார். அமோர்பா என்பது உருவின்மையைக் குறிக்கும் கிரேக்க அடியினின்றும் எழுந்த சொல். பியூக்கு என்பது மேனாட்டிசையில் ஒரு வகை. புறப்பொருள் எதனையுஞ் சுட்டாத ஓவியங்களுள் மக்கள் பார்வைக்கு முதன்முதல் வந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இத்தகைய ஓவியத்தைப் பொருளற்ற வண்ணச் சிதறல் எனத் தள்ளுவாருளர். கண்ணாற் கேட்கும் இசையென வியப்பாருமுளர். இருசாராரும் பெயரை அப்படியே நம்பிவிட்டனர். உண்மையில் இஃது அருவமோ? சைவ சித்தாந்தம் இறைவன் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என மூவகைப்படுத்தும். கண்ணுக்குப் புலனாகியும் கை, கால், முகம் முதலிய உறுப்புக்கள் இன்றி நிற்பது அருவுருவம். இலிங்கம் அதற்குச் சான்று. குப்கா சைவ நூல் கற்று வரைந்தார் என்பது இதன் கருத்தன்று. அவ்வாறு கூறுதல் நகைப்பிற்கிடமாகும். பிரமஞானக் கொள்கையில் அவருக்கு ஈடுபாடு இருந்ததெனினும், அதைக்கொண்டு ஓவியத்தை விளக்கப் புகுவதும் குறுக்குவழியே. ஈண்டுச் சொல்லொன்று கடன்பெறப்படுகிறது; அவ்வளவே.

அச்சொல் பொருந்துமாற்றை ஓவியம் பிறந்த வரலாறே காட்டும். குப்காவின் மனைவியாருடைய மகளாகிய சிறுமி தோட்டத்திலே பந்தாடுவதை அவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே வரைந்திருந்தார். சிவப்பும் நீலமும் கலந்த பந்து கைக்குக் கை மாறுகையில் அஃது ஓரிடத்தில் நிற்கும் பொருளாகத் தோன்றாது வழியாகத் தோன்றுவதை அவர் கண்டார். அதனைப் பற்றுதற்குப் பற்பல மாதிரி வரைவுகள் செய்தார். அவற்றிலே சிறுமி படிப்படியாக மறைகின்றாள். பின்னர்ப் பந்தும் மறைகின்றது. பந்து சென்ற வழி மாத்திரம் எஞ்சுகின்றது. ‘நியூற்றனின் வட்டங்கள்’ என்னும் அவர்தம் வேறோர் ஓவியமும் இவ்வாய்வின் ஒரு படியே. ஆகவே காட்சியைத் துறந்து கற்பனையிற் பிறந்ததன்று ‘அமோர்பா’; கண்ட அசைவைக் கண்டவாறே உரைக்க முயன்றதன் பயன் அது. உறுப்புக்கள் நீங்கின, உரு நீங்கவில்லை.

இனிப் பியூக்கு என்னும் பெயர். அவ்விசையிலே ஒரு குரல் ஓர் இசைத்தொடரைத் தொடங்கும். அக்குரல் ஓயாது வேறு வழியிற் செல்ல, மற்றொரு குரல் அதே தொடரை வேறு நிலையில் எடுக்கும். தமிழ்ச் செவிக்கு இது பழக்கமன்று. எனினும் அதன் நிழலை மன்னார்க் கரையிலே காணலாம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்பர். ஆயின் அம்பாவிலே ஒருவர் நிற்க மற்றவர் தொடங்குவர். பியூக்கிலோ எக்குரலும் மற்றதற்காக நிற்பதில்லை. குப்காவின் நீலமும் சிவப்புக்காக நிற்பதில்லை. ஒன்றையொன்று ஊடறுத்தும் தத்தம் வழியை இழவாமற் செல்கின்றன.

வண்ணம் இரண்டே ஏன்? தலைமன்னார் முனையில் நிற்போர் இதனை எளிதில் உணர்வர். வடபால் பாக்கு நீரிணை. தென்பால் மன்னார் வளைகுடா. சோளகம் வீசுங் காலத்துத் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடையில் இந்நிலை மாறும். ஒரு கடலின் அமைதியை அளந்து காட்டுவது மறுகடலின் கொந்தளிப்பே. அதுபோலச் சிவப்பு முன்னே வருவதும் நீலம் பின்னே ஆழ்வதும் ஒன்றன் அருகே மற்றது இருத்தலால் மிகுகின்றன. மூன்றாவதொரு வண்ணம் இடையே புகுந்திருப்பின் இப்பிணக்குத் தணிந்திருக்கும். இயக்கமும் உடன் தணிந்திருக்கும்.

எனினும் பாக் இசையிற் செய்ததை வண்ணத்திற் செய்தல் கூடும் என்னும் குப்காவின் நம்பிக்கை முற்றும் நிறைவேறிற்றெனல் இயலாது. இசையிலே முன் பின் என்னும் முறை உண்டு. ஓவியமோ முழுவதும் ஒருங்கே கண்முன் நிற்பது. கண் எவ்விடத்தும் தொடங்கலாம். எக்குரல் முந்தியது என்னும் வினாவிற்கு அங்கே விடையில்லை. இவ்விடரைத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வேறு வகையில் வென்றனர். நடராசத் திருவுருவிலே தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் திருவாசியின் வட்டமும் பார்வையை ஒரு நெறியிற் சுற்றச் செய்கின்றன. உடல் அங்கு விடப்படவில்லை. அக்காலப் பிரான்சின் பெருஞ்சிற்பி ரோடன் அத்திருவுருவின் ஒளிப்படங்களைக் கண்டு எழுதிய வியப்புரை 1921 இல் வெளிவந்தது. ஆனந்த குமாரசுவாமியின் ‘சிவ நடனம்’ 1918 இலேயே நூலாயிற்று. உடலை வைத்துக்கொண்டே அசைவைக் காட்டும் அவ்வாற்றலுக்குக் குப்காவின் துணிவு ஈடாகாது. ஆயின் அவர் மேற்கொண்ட இடரும் அதனின் வேறு.

நூல்களிலே உள்ளங்கையளவாய்ச் சுருங்கிய படத்தைக் கொண்டு இவ்வோவியத்தை மதிப்பிடுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். அதன் பெரு வளைவுகள் மனிதன் தோளிலிருந்து கையை வீசும் அளவின. பிராகா நகரின் தேசியக் கலைக்கூடத்திலுள்ள மூல ஓவியத்தின்முன் நிற்பவர் அவ்வளைவுகளைத் தம் உடலின் அளவாலேயே அறிவர். அச்சுப்படத்தில் முதற்கண் மறைவது அதுவே.