கடைசி 15 நொடி

"ரொம்ப மெதுவாக ஆடுகிறார்கள்." சின்ன கான்ஃபரன்ஸ் ஒன்றில் தொடர்ந்து ஜெயித்துவரும் அந்தப் பயிற்சியாளரின் பெயர் எங்கே அடிபட்டாலும் கூடவே இந்த வரியும் வந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானதும் ரசிகர்கள் பத்துப் பெயர் எழுதுகிறார்கள். எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இவரைச் சேர்க்கிறார்கள், மரியாதைக்குச் சேர்த்ததுபோல. அவருக்கு மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். இவர் வருவார், வந்தால் ஜெயிப்பார். மெதுவான ஆட்டத்தை இவருக்கு எதிரான சாட்சியாக வைப்பவர்கள் அந்த ஆட்டத்தை ஊன்றிப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஸ்னாப்புக்கு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்கு, முந்தைய 40 நொடியைப் பாருங்கள். வேகத்தை நம்பும் அணிகள் கடிகாரத்தில் 20 நொடிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே பந்தை எடுத்துவிடுகின்றன. இவருடைய குவாட்டர்பேக் மூன்று, இரண்டு என்று எண் இறங்கும்வரை நிற்கிறான். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் இதை நேரத்தைக் கொல்லும் உத்தி என்கிறார்கள். 2023-லிருந்து, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, முதல் டவுன் எடுத்தாலும் ஆட்டக் கடிகாரம் நிற்பதில்லை. அதனால் நேரம் கரைவது உண்மைதான். ஆனால் நேரம் கரைவது கூடவே கிடைக்கும் லாபம். முதல் காரியம் வேறு.

2024 முதல் மேல்நிலைப் பிரிவில், களத்தில் நிற்கும் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். தாக்கும் தரப்பில் ஒருவர், தடுக்கும் தரப்பில் ஒருவர். ஹெல்மெட்டின் பின்புறத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். கடிகாரம் 15-க்கு வந்ததும் அந்தக் குரல் அறுந்துவிடும். எதிரணியின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அதன்பிறகு அவரால் தன் லைன்பேக்கரின் காதில் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. நம்மவர் ஆட்டம் தொடங்குவதே அங்கேதான். முதல் 25 நொடிக்குள் அவர் ஒரு பிளே அனுப்புவதில்லை, இரண்டு அனுப்புகிறார். பையன் லைனுக்கு வந்து நின்று சும்மா பார்க்கிறான். டிஃபென்ஸ் எவ்வளவு நேரம்தான் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்? எட்டு நொடியில் ஒரு சேஃப்டி இரண்டடி முன்னால் வருகிறார், ஐந்தில் ஒரு கார்னர் உள்ளே சாய்கிறார். அதைப் பார்த்துவிட்டு முதல் பிளேயை ரத்து செய்வதா வைத்துக்கொள்வதா என்று பையனே முடிவெடுக்கிறான். சைடுலைனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வேகமாக ஆடும் அணிகளில் இந்த முடிவு பெரும்பாலும் பயிற்சியாளருடையது. குவாட்டர்பேக் லைனுக்கு வந்து நிற்பான், பிறகு எல்லோரும் ஓரத்தை நோக்கித் தலையைத் திருப்புவார்கள், அட்டைகள் உயரும். அதில் தப்பில்லை. ஆனால் அது தைரியம், இது கோழைத்தனம் என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்தின் மிகக் கடினமான முடிவை மாணவன் கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டி நிற்பவரையா பயந்தவர் என்கிறோம்? இதே மனிதர்தான் நடுக்கோட்டுக்கு அருகே நான்காவது டவுனில் இரண்டு யார்டு வேண்டும் என்றால் பண்ட் அணியை அழைப்பதில்லை. அப்போதும் அவசரப்படுவதில்லை. அதே மெதுவான நடை, அதே கடைசி நொடி.

திறமை குறைந்த அணிக்கு மெதுவான ஆட்டம் வேறொரு வகையிலும் கைகொடுக்கிறது. பந்து பன்னிரண்டு முறை கைக்கு வரும் ஆட்டத்தை ஒன்பது முறையாகச் சுருக்கினால் பலமான எதிரணிக்குத் தன் பலத்தைக் காட்ட வாய்ப்பு குறைகிறது, தற்செயலின் பங்கு கூடுகிறது. கையில் இருப்பதைக் கணக்குப் பார்த்துத்தான் அவர் அப்படி ஆடுகிறார். நல்ல ரிசீவர்களும் அகலமான லைனும் கிடைத்த பிறகும் ஒன்பது முறைதான் வேண்டும் என்று அவர் அடம்பிடிப்பார் என யார் சொன்னது?

சரி, எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானது. கற்பித்து வளர்க்கும் காலம் போய்விட்டது என்கிறார்கள். 2018-ல் வீரர்கள் பல்கலைக்கழகம் மாற வழிவிடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டின் உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2.05 கோடி டாலர். அணியில் பாதி ஆண்டுதோறும் மாறும்போது இருபது வயதுப் பையனுக்கு இந்த வாசிப்பை எப்போது சொல்லித்தருவது?

இதற்கான பதில் அவருடைய அணியிலேயே இருக்கிறது. அங்கே தேறிய குவாட்டர்பேக்கைப் பெரிய இடம் ஒன்று பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த செப்டம்பரில் புதுப் பையன் வந்து நிற்கிறான். முதல் மூன்று வாரம் தடுமாறுகிறான். அக்டோபரில் இவனும் மூன்று, இரண்டு என்று இறங்கும்வரை நின்று பார்க்கிறான். போர்ட்டல் காலத்துக்கு லாயக்கில்லாதவர் என்று அவரைச் சொல்கிறோம். ஆண்டுதோறும் ஆள் போனாலும் அதே பாடத்தை எட்டு மாதத்தில் சொல்லித்தர முடிகிறவர் வேறு யார் இருக்கிறார்? இழந்த வீரருக்கு இணையாக இன்னொருவரை வாங்கித்தான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சமாளிக்கிறார்கள். வாங்கப் பணமில்லாமல் சமாளித்தவரின் கையில் பணத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் தேர்வுக் குழு கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் தேர்வுக் குழுக்கள் வேறு கேள்வி கேட்கின்றன. செய்தியாளர் கூட்டத்தில் அரங்கம் அதிர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் பட்டியலின் உச்சியில் எப்போதும் ஏற்கனவே பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர். அவருடைய ஏஜென்ட் தொலைபேசியை எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், பத்து நாளில் பழைய இடத்திலேயே ஒப்பந்தம் நீளும், சம்பளம் உயரும். நன்கொடையாளர்கள் விரும்பும் பழைய மாணவர், தொழில்முறை லீகில் வேலை இழந்தவர் என்று அடுத்தடுத்த பெயர்கள். இவர்களைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெரிய அணியின் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் மட்டும் யோசிக்கத் தக்கவர். ஆனால் களத்தில் எல்லா இடத்திலும் சிறந்த ஆள் இருக்கும்போது பிளே அழைத்தவர் அவர். வீரர்கள் கலைந்து போகும் ஒரு குளிர்காலத்தைத் தலைமை இருக்கையிலிருந்து அவர் இன்னும் பார்த்ததில்லை.

வரக்கூடியவர் யார் என்பதை நாள்காட்டியும் காசோலையும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. டிசம்பரின் முதல் புதன்கிழமை பள்ளி மாணவர்கள் கையெழுத்திடத் தொடங்குகிறார்கள். போர்ட்டலின் பொதுக் காலம் 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை, ஒரே ஒரு முறை என்று சுருங்கிவிட்டது. 2024-லிருந்து பிளேஆஃபில் பன்னிரண்டு அணிகள் என்பதால், நல்ல பயிற்சியாளர்களில் பலர் டிசம்பர் முழுக்க இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவே வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஒருபக்கம். 2023-ல் ஒரு பல்கலைக்கழகம் அதற்காக மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் ஏற்றுக்கொண்டது. புதியவரின் பழைய பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய ஒப்பந்த முறிவுத் தொகையான பை-அவுட் இன்னொரு பக்கம். உதவிப் பயிற்சியாளர்களின் சம்பளம் தனி. சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து வருபவரின் பை-அவுட் பொதுவாகச் சிறியது. அதில் மிச்சமாகும் பணம் லைனில் நிற்கப்போகும் இரண்டு வீரர்களுக்குப் போகலாம். இந்தக் கணக்கை எந்த ரசிகரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மிச்சமாகும் அந்தத் தொகையையும் பயிற்சியாளரின் தகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த பெரிய காலியிடம் இவருக்குக் கிடைக்காது. மூன்று பெயர்கள் பத்து நாள் உலவும், மூன்றும் நழுவும், கையெழுத்து நாள் நெருங்கும் பயத்தில் ஒரு கோஆர்டினேட்டரை எடுப்பார்கள். இவரை எடுக்கப்போவது அந்தப் பெரிய இடத்தின் கான்ஃபரன்ஸிலேயே நடுவில் தத்தளிக்கும் இன்னொரு இடம். அங்கே முதல் ஆண்டு செப்டம்பரில் கடிகாரம் ஐந்துக்கு இறங்கும்போது சொந்த ரசிகர்களே கூச்சல் போடுவார்கள். அவர் மாற்றிக்கொள்ள மாட்டார். நவம்பரில் அவர்களே அமைதியாகக் காத்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டு லைன் கனமானதும் திடீரென்று ஒரு தொடரை வேகமாக ஆடிக் காட்டுவார். தயாராக இல்லாத டிஃபென்ஸ் கை உயர்த்தி டைம்அவுட் கேட்கும். மெதுவாக ஆடுகிறவர் என்ற பேச்சு அந்த வாரத்தோடு நிற்கும்.

அவருடைய அனுகூலத்தைப் பறிக்கக்கூடியது ஒன்றுதான்: ஹெல்மெட் குரலை ஸ்னாப்வரை அனுமதிக்கும் விதிமாற்றம். தொழில்முறை லீகிலும் அது 15 நொடியில்தான் அறுகிறது என்பதால் சீக்கிரம் வராது என்று நினைக்கிறேன்.

அவர் கிளம்பும் நாளில் குவாட்டர்பேக்கும் கூடவே போகிறானா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் சொல்கிறேன், அவர் முதலில் கூட்டிக்கொண்டு போகப்போவது ஆஃபென்ஸ் லைன் பயிற்சியாளரை. குவாட்டர்பேக்கை அங்கே போய் ஜனவரியில் தேடிக்கொள்வார், அக்டோபருக்குள் அவனுக்கும் அந்தப் பாடம் வந்துவிடும்.