விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு ரோபோ: ரோஸ் 2, கசீபோ நிறுவல்

கசீபோ ஒரு ரோபோ சிமுலேட்டர். எடை, உராய்வு, மோதல், தூரம் அளக்கும் லைடார் கதிர் எனப் பலவற்றையும் கணக்கிட்டு, கையில் இல்லாத ரோபோவைத் திரையில் ஓட்டிக் காட்டும். 2002-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஹோவர்டும் நேட் கீனிக்கும் இதைத் தொடங்கினார்கள். அப்போது உள்ளரங்க ரோபோக்களுக்கு ஸ்டேஜ், அதாவது மேடை, என்ற இருபரிமாண சிமுலேட்டர் இருந்தது. திறந்தவெளியில் மேடைக்கு நெருக்கமான கட்டடம் கசீபோ எனும் தோட்ட மண்டபம்தானே என்று இதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று ரோஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் கட்டமைப்பைக் கற்பவர் பெரும்பாலும் முதலில் தொடும் சிமுலேட்டர் இதுதான். இரண்டுக்கும் இயல்பான வீடு உபுண்டு லினக்ஸ். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர் அதை அழிக்காமல் உபுண்டுவைப் பெற வேண்டுமானால், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கிக்கொள்ளலாம்.

முதலில் பதிப்புகளைப் பொருத்த வேண்டும். உபுண்டு 24.04, ரோஸ் 2 ஜாஸி, கசீபோ ஹார்மோனிக் மூன்றும் ஒரு குடும்பம். உபுண்டு 22.04 என்றால் ஹம்பிளும் ஃபோர்ட்ரெஸும். ஜாஸிக்கு 2029 மே வரையும் ஹார்மோனிக்குக்கு 2028 செப்டம்பர் வரையும் ஆதரவு உண்டு என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் குடும்பமே ஏற்றது. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. இப்போதைய கசீபோ சில ஆண்டுகள் இக்னிஷன் என்ற பெயரில் வளர்ந்து, 2022-இல் பழைய பெயருக்கே திரும்பியது. அதற்கு முந்தைய கசீபோ, ‘கிளாசிக்’ என்ற அடைமொழியுடன் 2025 ஜனவரியில் ஓய்வுபெற்றது. பழைய பாடங்களில் உள்ள கட்டளைகள் கிளாசிக்குக்கு உரியவை. அவற்றை ஹார்மோனிக்கில் தட்டினால் எதுவும் நடக்காது.

மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது தாராளமாக இருப்பது நல்லது, ஆனால் அளவோடு. 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் பாதியை உள்ளே கொடுக்கலாம். 4 ஜிபி மட்டும் கொடுத்தாலும் கசீபோ திறக்கும். ஆனால் சி++ நிரல்களை ரோஸின் கட்டுமானக் கருவியான கோல்கான் கொண்டு கட்டும்போது பல கம்பைலர்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தைப் பிடுங்க, உபுண்டு அவற்றில் ஒன்றைக் கொன்றுவிடும். பிழைச்செய்தியும் தெளிவாக இருக்காது. பிராசசர் கோர்கள் 4 போதும். மெய்யான கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டிக் கொடுத்தால் வேகம் குறையவே செய்யும். வட்டுக்கு 50 ஜிபி ஒதுக்கலாம். கோப்பு தேவைக்கேற்பத்தான் வளரும் என்பதால் முழு இடமும் உடனே போய்விடாது.

விர்ச்சுவல்பாக்ஸ் 7 தரும் ‘தானியங்கி நிறுவல்’ வசதியைத் தவிர்ப்பது மேல். அது உருவாக்கும் பயனருக்கு சூடோ எனும் நிர்வாகி உரிமை கிடைப்பதில்லை என்பதும், மொழி அமைப்பு சரியாக இல்லாததால் டெர்மினலே திறப்பதில்லை என்பதும் பலருக்கு நேர்ந்தவை. ரோஸும் யுடிஎஃப்-8 மொழி அமைப்பை எதிர்பார்ப்பதால், அந்தக் குறை பின்னாலும் துரத்தும். உபுண்டு நிறுவியை வழக்கம்போல் திரை திரையாகக் கடந்தால் அரை மணி நேரம் கூடுதலாகப் போகும், அதோடு சரி.

விண்டோஸ் 11-இல் இன்னொரு தடை உண்டு. பயாஸில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி அதை முன்பே பிடித்து வைத்திருக்கலாம். அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடும். சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் ஒன்று தோன்றும். ரோஸ் உலகில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் ஆமைதான் சின்னம், அங்கே அது பெருமை. இங்கே அது மெதுவாக ஓடுகிறது என்ற எச்சரிக்கை. ஹைப்பர்-வியை நிறுத்தினால் ஆமை போகும், கூடவே விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-உம் நின்றுபோகும். அதை நம்பி வேலை செய்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

ரோஸ் நிறுவலில் சிக்கல் குறைவு. அதன் களஞ்சியத்தை உபுண்டுவில் சேர்த்து, ஜாஸியின் டெஸ்க்டாப் தொகுப்பையும், ரோஸையும் கசீபோவையும் இணைக்கும் தொகுப்பையும் நிறுவினால் போதும். ஜாஸியில் கசீபோ ஹார்மோனிக்கும் சேர்ந்தே வந்துவிடும். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ரோஸின் அமைப்புக் கோப்பு வாசிக்கப்படும்படி பாஷின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘ரோஸ் கட்டளை கிடைக்கவில்லை’ என்ற புலம்பலில் பெரும்பகுதி இந்த ஒரு வரி விட்டுப்போனதால் வருவது. டர்ட்டில்சிம் என்ற சிறு விளையாட்டு ஆமை திரையில் நகர்ந்தால் ரோஸ் நலம் என்று கொள்ளலாம். அது இருபரிமாணம், கிராஃபிக்ஸ் அட்டையைத் தொந்தரவு செய்யாது. இந்த இடத்தில், திரும்பி வரக்கூடிய நிலையாக, மெய்நிகர் கணினியின் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பது கட்டாயம், ஏனென்றால் மெய்யான சோதனை இனிமேல்தான்.

கசீபோவைத் திறந்ததும் சாளரம் கறுப்பாக நிற்கும், அல்லது உடனே மூடிக்கொள்ளும். ஓபன்ஜிஎல் 3.3 இல்லை, கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள் என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரலாம். புதுப்பிக்க அங்கே உண்மையான அட்டை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மெய்நிகர் கணினிக்குள் தெரிவது விஎம்எஸ்விஜிஏ என்ற பாவனை அட்டை. உள்ளே பிறக்கும் ஓபன்ஜிஎல் கட்டளைகள் மொழிபெயர்க்கப்பட்டு வெளியே உள்ள மெய்யான அட்டைக்குப் போகின்றன. கசீபோ படம் வரையப் பயன்படுத்தும் ஓகர் 2 எஞ்சின், அந்த மொழிபெயர்ப்பு தடுமாறும் இடங்களை எல்லாம் தேடிப்பிடித்து மிதிக்கிறது.

செய்ய வேண்டியவை இவை: திரை அமைப்பில் 3டி முடுக்கத்தை இயக்கி, காணொளி நினைவகத்தை 128 எம்பிக்கு உயர்த்தி, விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸை உபுண்டுவுக்குள் நிறுவ வேண்டும். உள்நுழையும் திரையில் பல்சக்கரக் குறியை அழுத்தி, வேலண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தால், ரோஸின் காட்சிக் கருவியான ஆர்விஸும் அமைதியாகும். அதற்குப் பிறகு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கருவி காட்டும் ரெண்டரர் பெயரைப் பார்க்கலாம். எஸ்விஜிஏ3டி என்று இருந்தால் வேலை வெளி அட்டைக்குப் போகிறது. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் படம் முழுவதையும் பிராசசரே வரைகிறது.

பழைய குறிப்புகளில் எல்லாம் காணப்படும் ஒரு வைத்தியம், எஸ்விஜிஏ_விஜிபியு10 என்ற சூழல் மாறிக்குச் சுழியம் கொடுப்பது. கிளாசிக் காலத்தில் அது நன்றாகவே கேட்டது. ஆனால் அது ஓபன்ஜிஎல்லைக் கீழ்ப்பதிப்புக்கு இறக்கிவிடுவதால், 3.3 கேட்கும் ஓகர் 2-க்கு அதுவே நஞ்சு. அதைப் போட்டால், கசீபோவைப் பழைய ஓகர் எஞ்சினுடன் தொடங்கும்படியும் சொல்ல வேண்டும். பரப்புகளின் மினுமினுப்பு போய் உலகம் சற்று மங்கும்; ரோபோ ஓடும். அதுவும் முடியாவிட்டால் மென்பொருள் ரெண்டரிங்கைக் கட்டாயப்படுத்தலாம், மெதுவாக என்றாலும் நிச்சயமாக வரும்.

எவ்வளவு மெதுவாக என்பதை கசீபோவே சொல்கிறது. சாளரத்தின் வலது கீழ் மூலையில் உள்ள விழுக்காடு, சிமுலேஷன் நேரத்துக்கும் மெய்நேரத்துக்கும் உள்ள விகிதம். அது 20 என்றால், ரோபோவின் ஒரு நிமிடம் நமக்கு ஐந்து நிமிடம். கொரியாவின் ரோபோட்டிஸ் உருவாக்கிய டர்ட்டில்பாட்3 பர்கர் என்ற சிறு ரோபோவின் உச்ச வேகம் வினாடிக்கு 22 சென்டிமீட்டர். இந்த விகிதத்தில் திரையில் அது வினாடிக்கு 4.4 சென்டிமீட்டர்தான் ஊரும். கணக்கு தவறுவதில்லை. இயற்பியல் எஞ்சின் வழக்கமாக 1 மில்லி வினாடி அடிகளில் நடக்கிறது, அடிகள் தாமதமாக விழுகின்றன, அவ்வளவுதான். ரோஸ் நிரல்கள் சிமுலேஷன் கடிகாரத்தைப் பின்பற்றும்படி அமைத்திருந்தால், வழிதேடலும் வரைபடமாக்கலும் அதற்கேற்பப் பொறுத்துக்கொள்ளும். அமைக்க மறந்தால் ஆர்விஸில் லைடார் புள்ளிகள் ரோபோவை விட்டு விலகி அலையும்.

விகிதம் சரிவதற்குப் பலர் இயற்பியலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி சென்சார். ஹார்மோனிக்கில் பொதுவாகப் பயன்படும் லைடார், கேமராவைப் போலவே, படம் வரையும் எஞ்சின் வழியாகத்தான் தூரத்தை அளக்கிறது. பர்கரின் எல்டிஎஸ்-01 லைடார் சுற்றிலும் 360 புள்ளிகளை வினாடிக்கு 5 முறை அளப்பது. மெய்நிகர் கணினி அதைத் தாங்கும். முப்பரிமாண லைடார், ஆழக் கேமரா என்று போனால் தாங்காது. சாளரம் இல்லாமல் சர்வரை மட்டும் ஓட்டி, பார்ப்பதற்கு ஆர்விஸை வைத்துக்கொள்வது நல்ல உத்தி. நிழல்களை அணைப்பதும், கேமராவின் அளவைச் சுருக்குவதும் கைகொடுக்கும்.

மெய்யான ரோபோவுடன் பேச வேண்டுமென்றால் நெட்வொர்க்கையும் மாற்ற வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நாட் அமைப்பில் ரோஸ் 2-இன் மல்டிகாஸ்ட் அழைப்பு வெளியே போகாது. பிரிட்ஜ் அமைப்பு தேவை.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசம். விர்ச்சுவல்பாக்ஸில் தடுமாறுபவர் அதையும் முயலலாம். வேபாட்ஸ் என்ற சுவிஸ் சிமுலேட்டர் விண்டோஸிலும் மேக்கிலும் நேரடியாக ஓடும். அதை வெளியே வைத்து, ரோஸை மட்டும் மெய்நிகர் கணினிக்குள் வைக்கும் முறை, படம் வரையும் தொல்லையை மொத்தமாகத் தவிர்க்கிறது. கேமராவை வைத்து ஆய்வு செய்பவர் உபுண்டுவைத் தனிப் பிரிவில் நேரடியாக நிறுவிக்கொள்வதே சரி.

ஒரு வகுப்பு முழுக்க ஒரே அமைப்பு வேண்டும் என்ற ஆசிரியருக்கு மட்டும் மெய்நிகர் கணினிக்கு ஈடு குறைவு. எல்லாம் நிறுவிய கணினியை ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஸ்னாப்ஷாட்டுகள் அதில் வராது, அப்போதைய நிலை மட்டுமே வரும். அதனால், ஒரே நெட்வொர்க்கில் ரோஸ் குழுக்களைப் பிரிக்கும் ரோஸ் டொமைன் எண்ணைக் குழுவுக்குக் குழு மாற்றச் சொல்லும் குறிப்பை மேசைத்திரையிலேயே எழுதி வைத்துவிட்டு ஏற்றுமதி செய்ய வேண்டும். மறந்தால், பிரிட்ஜ் அமைப்பில் உள்ள ஒரு மாணவரின் கட்டளைக்குப் பக்கத்து மேசை ரோபோவும் சேர்ந்து நடக்கும்.