சங்கர்லாலின் தேநீர்

அறுபதுகளின் கடைசியில், ஹட்டனில் எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில் சீனிக்கும் பருப்புக்கும் சரை சுற்றப் பழைய சஞ்சிகைகளை நிறுவை கணக்கில் வாங்கி வைத்திருப்பார்கள். தமிழ்வாணனை நான் முதன்முதலில் படித்தது அந்தக் கட்டுகளில்தான். 'கல்கண்டு' இதழின் ஒரு தாளில் சங்கர்லால் கதவைத் திறப்பார். கதவுக்கு அப்பால் நின்றது யார் என்பது அரை இறாத்தல் பருப்போடு ஏதோவொரு லயத்துக்குப் போயிருக்கும். ஒருமுறை தோட்டத்து ஆள் ஒருவர் சம்பள நாளில் வந்து, "பாய், போன தடவ சீனி சுத்தின தாளுல கத பாதியில நிக்குது, மிச்சம் கெடக்கா?" என்று கேட்டார். வாப்பா சிரித்துக்கொண்டே ஒரு கட்டை அவிழ்த்து அவர் முன்னால் போட்டார். இருவருமாகத் தேடினோம். கிடைக்கவில்லை.

நமது விமர்சனம் அந்த மனிதரின் கேள்வியை ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. தென்னிந்திய ஜனரஞ்சக ஏடுகள் நச்சு என்று ஒதுக்கப்பட்டன. எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எழுத்தாளர் பலர் வரவேற்றனர். அதனால் ஈழத்துப் பிரசுர முயற்சிகள் மூச்சுவிட்டன என்பதும், வீரகேசரிப் பிரசுரம் போன்றவை நம் நாவல்களைக் கடைக்குக் கடை கொண்டுபோயின என்பதும் உண்மையே. ஆனால் தடுத்ததோடு நின்றுவிட்டோம். அந்த எழுத்தைப் படித்து மதிப்பிடவில்லை.

தமிழ்வாணன் 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் இராமநாதன், புனைபெயர் திரு.வி.க. சூட்டியது. 'கல்கண்டு' ஆசிரியராகவும் மணிமேகலைப் பிரசுரத்தை நிறுவியவராகவும் இருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'துணிவே துணை' என்ற வாசகம் ஆகியவற்றால் தன்னையே ஒரு முத்திரையாக்கிக் கொண்டார். கதைக்கு வெளியே உடல்நலம், தொழில், தன்னம்பிக்கை என்று கைநூல்கள் எழுதிக் குவித்தார். 1977இல் மறைந்தார்.

அவரது சாதனை புதிர்கள் அல்ல. புதிர்கள் பெரும்பாலும் இலேசானவை. தற்செயல் வந்து கைகொடுக்கும், இல்லாவிட்டால் வில்லனே வாய்திறந்து ஒப்புக்கொள்வான். சாதனை மொழிதான். மணிப்பிரவாளமும் ஆங்கிலமும் கலந்த வெகுசன நடைகளின் நடுவே, சிறு சிறு வாக்கியங்களில், தெளிந்த தமிழில், ஓடுகிற கதையை அவரால் சொல்ல முடிந்தது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் தட்டுத் தடங்கலின்றி நூறு பக்கம் கடந்தார் என்றால் அது அந்த நடையின் கொடை. நம் முற்போக்கு நாவல்களில் எத்தனையை அந்த வாசகர் முடித்திருப்பார் என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கர்லால் கதைகளில் வகாப் என்று ஒரு பெயர் வரும். வில்லனாக அல்ல, சங்கர்லாலின் பக்கத்தில் நிற்பவராக. கடைக் கல்லாவின் அருகே குந்தியிருந்த ஒரு முஸ்லிம் பையனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வளர்ந்தபின்தான் விளங்கிக்கொண்டேன். மர்மக் கதை நமக்கு அந்நிய வடிவமுமல்ல. கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1885இல் எழுதிய அசன்பேயின் கதை, ஈழத்தின் முதல் தமிழ் நாவல், களவாடப்பட்ட ஒரு குழந்தையைச் சுற்றியே விரிகிறது. நம் நாவலின் பிறப்பிலேயே ஒரு குற்றம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு மர்மக் கதையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

சரி, தமிழ்வாணனிடம் குறை என்ன? மூளையில் முடிச்சு விழுந்தால் சங்கர்லாலுக்குத் தேநீர் வேண்டும். அவர் வாசகர் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் இது. கோப்பை கோப்பையாகக் குடிப்பார், முடிச்சு அவிழும். சிகரெட் சாம்பலையும் காலடித் தடத்தையும் விடாத அந்தக் கண், கையிலிருக்கும் கோப்பைக்குள் மட்டும் பார்ப்பதில்லை. கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டது, நிறுவையில் எத்தனை கிலோ வெட்டப்பட்டது, யாருக்கு அன்று அரைப்பேர் விழுந்தது என்பவை அவருக்குத் துப்பே அல்ல. குற்றம் என்பது பணக்கார மாளிகையில் காணாமற்போன வைரம். அல்லது வெளிநாட்டு நகரில் துரத்தும் கார். 'டோக்கியோ ரோஜா' என்று ஒரு கதை ஜப்பான்வரை போகிறது. ஆனால் அந்த டோக்கியோ தபால் அட்டையில் அச்சிட்ட டோக்கியோ.

அதே டோக்கியோவில் அதே காலத்தில் மட்சுமோட்டோ செய்ச்சோ எழுதிக்கொண்டிருந்தார். 1909இல் பிறந்தவர், ஆரம்பக் கல்வியோடு படிப்பை விட்டு, அச்சுக்கூடத்தில் வேலை பழகி, 'அசாஹி' பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் உழைத்து, நாற்பது வயதைத் தாண்டி எழுத வந்தவர். 1953இல் அகுதாகாவா பரிசு பெற்றார். 1992இல் இறக்கும்வரை எழுதினார். ஆங்கில வழி நமக்குக் கிடைக்கும் 'புள்ளிகளும் கோடுகளும்' நாவலில் புகையிரத நேர அட்டவணையே கொலையாளியின் கவசம். டோக்கியோ நிலையத்தில் ஒரு மேடையிலிருந்து இன்னொன்றை மறைப்பின்றிக் காணக்கூடிய நான்கே நிமிடங்களில் கதை தொங்குகிறது. (எங்கள் பொடி மெனிக்கேயை நம்பி எந்தக் கொலையாளியும் நேரம் குறிக்கமாட்டான், சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டுமுன் பிடிபட்டுவிடுவான்.) ஆனால் அட்டவணைக்குப் பின்னால் அமைச்சு அலுவலகத்தின் இலஞ்சம் இருக்கிறது. பழி கீழுள்ளவர்மீது இறங்குவதும் மேலுள்ளவர் தப்புவதும் இருக்கிறது.

1961இல் நூலான 'மணற் பாத்திரம்' இன்னும் ஆழமானது. மதுக்கடையில் யாரோ கேட்ட ஒரு சொல்லின் வட்டார உச்சரிப்புத்தான் அதில் துப்பு. வயதான பொலிஸ்காரர் ஒருவர் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். முடிவில் தொழுநோய் கண்ட தந்தையோடு துரத்தப்பட்டுத் திரிந்த ஒரு குழந்தைப் பருவத்தில் போய் நிற்கிறார். கொலை செய்தவன் யார் என்று தெரிந்ததும் புத்தகத்தை மூட முடிவதில்லை. அவனை அப்படி ஆக்கியது யார் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அந்த உச்சரிப்புத் துப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1983 ஜூலையில், ஒரு சிங்களச் சொல்லை நாக்கு எப்படிப் புரட்டுகிறது என்பதில் உயிர் தங்கியிருந்ததை அறிந்தவர்கள் நாம்.

மலையக நாவல் என்று நாம் பெருமைப்படும் வரிசை, கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' போன்றவை, துயரத்தைச் சொல்லின. அழச்செய்தன. விசாரிக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். துயரத்துக்கு அனுதாபம் போதும். குற்றம் என்றால் குற்றவாளிக்குப் பெயர் வேண்டும், சாட்சி வேண்டும், திகதி வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை 'விதி' போல் எழுதுவதற்கும், வாக்கையும் குடியுரிமையையும் பறித்த செயலாக, கையொப்பமும் கோப்பும் உள்ள ஒன்றாக எழுதுவதற்கும் இடையிலுள்ள தூரம் அது. செய்ச்சோ தன் நாட்டில் ஆக்கிரமிப்புக் காலத்தில் நடந்து விளங்காமற்போன சம்பவங்களை எடுத்து 1960இல் ஒரு நூலே எழுதினார்.

நம்மிடம் முல்லோயா இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்டப் பகுதித் தோட்டத்தில் வேலைநிறுத்த வேளையில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நீதவான் விசாரணை நடந்தது. பின்னர் விசாரணைக் குழு அமைந்தது. விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். விவகாரம் வளர்ந்து ஆளுநர்வரை, மந்திரிகளின் இராஜினாமாவரை போனது. சுட்டது யார் என்பதில் மர்மமில்லை. தமிழ்வாணன் என்றால் அங்கே கதை முடிந்துவிடும். செய்ச்சோ என்றால் முதல் அத்தியாயம் அங்கே தொடங்கும்: பொலிசைத் தோட்டத்துக்கு அழைத்தது யார், எத்தனை மணிக்கு, அன்று காலைப் பிரட்டில் துரை சொன்னது என்ன, பக்கத்து லயத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எவர்.