பவுண்டு கணக்கில் பண்பாடு: ஒரு சுற்றுலா ஆய்வும் அதில் கேட்கப்படாத கேள்விகளும்

அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் கிரீன்வுட்டின் 'பவுண்டு கணக்கில் பண்பாடு' என்னும் கட்டுரை, வலீன் ஸ்மித் 1977-ல் தொகுத்த 'விருந்தளிப்போரும் விருந்தினரும்' என்னும் நூலில் வெளிவந்தது. சுற்றுலாவுக்காக ஒரு சடங்கு விற்கப்படும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே அதன் பொருள். கட்டுரையின் முடிவு மேற்கோளாகப் பரவிய அளவுக்கு, அந்த முடிவு எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பது பேசப்படவில்லை. சமூக ஆய்வைத் திட்டமிடப் பழகும் மாணவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பயன் தரும்.

ஆய்வுக் களம் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஃபுவெந்தெராபியா நகரம். 1638-ல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையை வென்றதன் நினைவாக அங்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று 'அலார்தே' என்னும் அணிவகுப்பு நடக்கிறது. ஊரின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆண்கள் துப்பாக்கி ஏந்தி அணி அணியாகச் செல்வர். ஊரார் தமக்காகவே நடத்திக்கொள்ளும் சடங்கு, ஊர் முழுவதும் ஒன்று என்று சொல்லும் சடங்கு என்பது கிரீன்வுட்டின் விளக்கம். வந்தவர்கள் அனைவரும் பார்க்க வேண்டும் என்பதற்காக அணிவகுப்பை ஒரே நாளில் இருமுறை நடத்தும்படி 1969-ல் நகராட்சி முடிவெடுத்தது. இரண்டே ஆண்டுகளில் பங்கேற்க ஆள் சேர்ப்பது கடினமாயிற்று. பணம் கொடுத்து ஆள் பிடிக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. விலைப் பொருளானதால் சடங்கு தன் பொருளை இழந்தது என்றார் கிரீன்வுட்.

கட்டுரையின் பலம் நீண்ட களப்பணி. அவர் அவ்வூருக்குச் சென்றது சுற்றுலாவை ஆராய அல்ல. வேளாண் குடும்பங்களை ஆராய. ஒரு வாரம் தங்கி வினாப்படிவம் நிரப்பிச் செல்பவர் கண்ணில் நகராட்சியின் ஒரு சிறிய முடிவு பட்டிருக்காது.

பலவீனம் காரணம் காட்டுவதில் இருக்கிறது. ஒன்று நடந்த பின் மற்றொன்று நடந்தது என்பதால், முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. அது ஃபிராங்கோ ஆட்சியின் கடைசிக் காலம். பாஸ்க் அரசியல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவ்வூரில் குடும்பங்கள் விவசாயத்தைக் கைவிட்டதை கிரீன்வுட்டே 1976-ல் தனி நூலாக எழுதினார். இவையும் ஆள் குறைவுக்குக் காரணமாகலாம். அண்டை நகரமான இருனிலும் ஜூன் 30 அன்று ஓர் அலார்தே நடக்கிறது. அதே ஆண்டுகளில் அங்கு பங்கேற்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டிருந்தால் வாதம் உறுதிப்பட்டிருக்கும், அல்லது உடைந்திருக்கும். இரண்டுமே லாபம்தான்.

பேட்டியின் இடமும் கட்டுரையில் சிறியது. ஆய்வாளரின் வாதம் உரக்கக் கேட்கிறது. விலகியவர்களின் சொந்தச் சொற்கள் அரிதாகவே கேட்கின்றன. இதே ஆய்வை இன்று செய்பவர், "இரண்டாவது அணிவகுப்பு உங்களைப் புண்படுத்தியதா?" என்று கேட்டால் விடையைத் தானே எடுத்துக் கொடுத்தவர் ஆவார். "கடைசியாக நீங்கள் அணிவகுப்பில் நடந்த நாளைக் காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. சுற்றுலா என்ற சொல் அந்தப் பேச்சில் தானாக வருகிறதா, எப்போது வருகிறது என்பதே ஒரு தரவு.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் கிரீன்வுட் ஒரு பின்னுரை சேர்த்தார். அலார்தே அழிந்துவிடவில்லை, அதற்குப் புதிய அரசியல் பொருள் கிடைத்திருந்தது என்பதை அதில் ஒப்புக்கொண்டு, தம் பழைய முடிவின் கடுமையைத் தளர்த்தினார். ஆய்வாளர் திரும்பிப் பார்த்து எழுதியது அரிய நேர்மை. 1977 வடிவத்தை மட்டும் படித்து ஆய்வு முன்மொழிவு எழுதும் மாணவர் இதைத் தவறவிடுவார்.

பின்னுரைக்கும் எட்டாத ஒன்று 1996-ல் வெளிப்பட்டது. அணிக்கு ஒருத்தி என்ற அளவிலேயே இடம் பெற்றிருந்த பெண்கள், ஆண்களைப் போலவே படைவீரராக நடக்க உரிமை கேட்டனர். ஊர் இரண்டுபட்டது, வழக்குகள் நடந்தன. ஊரின் ஒருமையைக் காட்டுவதாக வாசிக்கப்பட்ட சடங்கில், அந்த ஒருமைக்குள் யார் அடங்குவர் என்ற கேள்வி கேட்கப்படாமலே இருந்திருக்கிறது. ஒரு பெண்ணைப் பேட்டி கண்டிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. உரிமை கேட்டவர்களை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களிலும் பெண்கள் இருந்தனர்.