ங-வுக்கு வேலை கிடைத்த ஊர்

ஒன்றாம் வகுப்பில் ங, ஙா, ஙி, ஙீ என்று கை வலிக்க எழுதியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு நற்செய்தி. அந்த வரிசைக்கு வேலை போட்டுக் கொடுக்கும் மொழி ஒன்று இருக்கிறது. ஹாங்காங் மக்கள் பேசும் காண்டனீஸ். அதில் நான் என்பதற்கு ‘ஙோ’. ஐந்து என்பதற்கு வெறும் ‘ங்’, துணைக்கு ஓர் உயிரெழுத்துகூடக் கிடையாது. ‘ஙோ தோவ் ஙோ’ என்றால் எனக்குப் பசிக்கிறது! ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இந்த ஒலியில் சொல்லைத் தொடங்கத் திணறுவார்கள். நமக்கோ அது அரிச்சுவடியிலேயே கிடக்கிறது. (இந்த ஊர் இளசுகள் பலர் இப்போது ங-வை விழுங்கிவிட்டு ‘ஓ’ என்கிறார்கள். அவர்களை விடுங்கள்.)

வேலைக்காக ஹாங்காங் கிளம்பியபோது, “அங்கே இங்கிலீஷே போதும்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அலுவலகத்துக்குப் போதும், மெட்ரோவுக்கும் போதும். ஆனால் சந்தையிலும் டீக்கடையிலும் மினிபஸ்ஸிலும் நடமாடும் ஹாங்காங் வேறு. அதற்குள் நுழைய இலக்கணமெல்லாம் வேண்டாம், நாலைந்து வாக்கியங்கள் போதும். இவ்வளவு சின்ன முதலுக்கு இவ்வளவு பெரிய லாபம் தரும் மொழியை நான் பார்த்ததில்லை.

முதல் சொல் ‘ம்-கோய்’. இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். பரிமாறுபவரைக் கூப்பிட ம்-கோய். அவர் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் நன்றி சொல்லவும் ம்-கோய். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் அதுவேதான். யாராவது பரிசு கொடுத்தாலோ விருந்து வைத்தாலோ மட்டும் சொல் மாறும். அப்போது ‘தோ-ட்சே’. தோசையை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

மாலை நேரத்தில் மோங்காக் பக்கம் போனால் ஜேஜே என்று கூட்டம். அதற்குள் வழி கேட்டு நுழைய என்ன சொல்ல வேண்டும் தெரியுமா? ‘ம்-கோய், ட்சே-ட்சே’. கிட்டத்தட்ட ஜே-ஜே! இப்படி நம் காதுக்கென்றே வைத்தது போல வந்து விழும் சொற்கள் இன்னும் உண்டு. தொலைபேசியை எடுத்ததும் இங்கே சொல்வது ‘வை?’. அதைக் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள், அது ஹலோ. பாலுக்கு ‘நாய்’. பால் டீ ‘நாய் ச்சா’. அந்த டீயை ஒருமுறை குடித்துவிட்டால் பெயர் உறுத்தாது. துணிப் பையில் கறுப்புத் தேயிலையைத் திரும்பத் திரும்ப வடிகட்டி, கெட்டியாகச் சுண்டிய டின் பாலை ஊற்றித் தருவார்கள். அதைத் தயாரிக்கும் கலையை 2017-இல் ஹாங்காங் அரசு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்! ஐஸ் போட்டது வேண்டுமானால் ‘தொங் நாய் ச்சா’, இனிப்பைக் குறைக்க ‘சியூ திம்’. குடித்து முடித்ததும் ‘மாய்-தான்’ என்றால் பில் வரும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வாக்கியம் பொன் மாதிரி: ‘ஙோ செக் ட்சாய்’. ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கீரையின் மேல் சிப்பிச் சாறு ஊற்றி வரலாம், சூப்பில் கோழி கொதித்திருக்கலாம். ‘ட்சாய்’ என்றால் புத்த மரபுச் சைவம், பேச்சே இல்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் ட்சாய் சாப்பிடுகிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கவிச்சியை ஒதுக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலக்கணம் பயமுறுத்தவே இல்லை. போனேன், போனான், போனாள், போயிற்று என்று நாம் வினைச்சொல்லைப் படுத்தும் பாடு எதுவும் இதில் இல்லை. யார் போனாலும் ‘ஹோய்’, முடிந்துவிட்டது என்று காட்டப் பின்னால் ஒரு ‘ட்சோ’, அவ்வளவுதான். ‘செக்-ட்சோ-ஃபான் மேய் ஆ?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டாச்சா?’. ஆமாம், இவர்களும் சந்தித்தால் முதலில் விசாரிப்பது சோற்றைத்தான், கடைசியில் தொங்கும் அந்த ஆகாரம் உட்பட! எண்களில் பத்து வரை கற்றால் தொண்ணூற்றொன்பது வரை கைவசம். ஒன்பது பத்துகளை ‘ஒன்பது-பத்து’ என்றே சொல்கிறார்கள்.

கஷ்டமே இல்லையா என்றால், உண்டு. ஆறு தொனிகள். ‘மாய்’ என்பதைத் தாழ்ந்து தொடங்கி லேசாக ஏற்றினால் வாங்குவது, ஏற்றாமல் தாழ்வாகவே நிறுத்தினால் விற்பது. ‘தோங்’ உயர்ந்தால் சூப், இறங்கினால் சர்க்கரை. கூடவே, சொல்லின் கடைசி மெய்யில் ஓர் உகரம் ஒட்டும் நம் பழக்கத்தையும் விட வேண்டும். ஆறு என்பது ‘லொக்’, ‘லொக்கு’ அல்ல. நாக்கு க்-கில் முட்டி, காற்றை விடாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். தனிச் சொற்களை மனப்பாடம் செய்யாமல், முழு வாக்கியத்தையும் ஊர்க்காரர் சொல்லும் மெட்டோடு பிடித்துக்கொள்வதுதான் நான் கண்ட வழி. தொனிகளை 1 முதல் 6 வரை எண்களால் குறிக்கும் யூட்பிங் என்ற எழுத்து முறை 1993-இல் வந்தது. பிளேக்கோ செயலியில் அதோடு உச்சரிப்பையும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் உச்சம் சிவப்பு மினிபஸ். இறங்குவதற்கு மணிப் பொத்தான் இல்லாத வண்டிகள் அதில் உண்டு. ஓட்டுநர் பறப்பார். உங்கள் தெரு நெருங்கும்போது பின்னிருக்கையிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும்: ‘ச்சின்-மின் யவ் லொக், ம்-கோய்!’ முன்னால் இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார், கேட்டுவிட்டது என்று. அந்தக் கை எனக்காகத் தூக்கப்பட்ட மாலை, சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘ஹோவ் லெக்!’ என்றார். கெட்டிக்காரி என்கிறார்! பெண் எந்த வயதாக இருந்தாலும் ‘லெங்-நோய்’, அழகுப் பெண்ணே, என்று கூப்பிடும் காய்கறிக்கடைக்காரர்களின் ஊர் இது. புகழ்ச்சிக்குப் பஞ்சம் இல்லை.

ஹாங்காங்கோடு இது நிற்பதும் இல்லை. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனர்களிடையே பரவலாகப் புழங்குவது இதே மொழிதான். அங்கே அதைச் சரளமாகப் பேசும் தமிழர்களும் இருக்கிறார்கள்.

ஜாக்கி சானைத் தமிழ் டப்பிங்கிலேயே பார்த்து வளர்ந்தவர்களே, 1985-இல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யை ஒருமுறை மூல ஒலியில் போட்டுப் பாருங்கள். ம்-கோய் எத்தனை முறை காதில் விழுகிறது என்று எண்ணுங்கள். பிறகு டிக்கெட் எடுங்கள்.