நல்லூரை நடந்து காணல்: வழிகாட்டியின் உரையும் கட்டடங்களின் சாட்சியமும்

பழைய நூலொன்றை உரையின்றிக் கற்பது அரிது. பழைய நகரொன்றை வழிகாட்டியின்றிக் காண்பதும் அத்தகையதே. உரைகாரர் மூலத்தைத் தெளிவுபடுத்தவும் கூடும். தம் காலத்து விருப்பங்களை மூலத்தின்மீது ஏற்றிச் சொல்லவும் கூடும். ஆகவேதான் உரைகளை நாம் விமர்சன நோக்கோடு பயிலுகின்றோம். நகரத்துக்குச் சொல்லப்படும் உரையையும் அதே நோக்கோடு அணுகுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

2009 ஆம் ஆண்டிலே போர் முடிவுற்ற பின்னர் யாழ்ப்பாணத்தைக் காண வருவோர் தொகை பெருகியது. அவர்களுட் பெரும்பாலோர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தரிசித்து மீள்வர். கோயிலுக்கு அப்பால் உள்ளவற்றையும் காண விரும்பும் சிலரைக் கட்டணம் பெற்று அழைத்துச் சென்று, அதிகம் அறியப்படாத பழைய கட்டடங்களைக் காட்டும் தனியார் நடைகளும் இன்று நிகழ்கின்றன. அத்தகைய நடையொன்றிலே அண்மையிற் பங்குபற்றினேன். எம்மோடு வந்தோருட் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தமிழர். வழிகாட்டி ஓர் இளைஞர். ஆர்வமும் நாவன்மையும் உடையவர். அவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர் கூறியவை எம்மவரிடையே பொதுவாக வழங்கும் கருத்துக்களேயாதலின், அவரது உரையை விமர்சிப்பது எம்மை நாமே விமர்சிப்பதாகும்.

முதலில் இந்நடையின் சிறப்பைச் சொல்லுதல் தகும். நல்லூர் ஒரு தலைநகராகத் திட்டமிடப்பட்டது என்பதைப் புத்தகத்திற் படித்தவர் பலர். காலால் உணர்ந்தவர் சிலரே. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளியம்மன் என நாற்றிசையிலும் காவற் கோயில்கள் அமைந்த நகரம் அது. இன்றுள்ள கோயில்கள் பிற்காலத்தில் மீள அமைக்கப்பட்டவை. எனினும் அவை குறிக்கும் திசைகள் பழைய நகரின் பரப்பை இன்றும் உணர்த்துகின்றன. ஓரிடத்தில் நின்று இவ்வமைப்பைக் காணவியலாது. ஒரு கோயிலிலிருந்து மற்றொன்றுக்கு வெயில் ஏறுமுன் நடந்து செல்பவர்க்கே வீதிகளுக்கும் வளவுகளுக்கும் இடையே மறைந்து கிடக்கும் நகரம் சிறிது சிறிதாகத் துலங்கும். இவ்வகையில் நடை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, ஓர் ஆய்வுமுறையுமாகும். 1914, 1915 ஆம் ஆண்டுகளிலே சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்தவரும், 1921இல் கொழும்பு நகரத் திட்டம் பற்றி அறிக்கை எழுதியவருமான பற்றிக் கெடிஸ், வரைபடத்திலே கோடு கிழிக்குமுன் ஒழுங்கைகளில் நடந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி நடையின் குறைபாட்டுக்கு வருவோம். பருத்தித்துறை வீதியிலே சங்கிலித்தோப்பு வளைவின் முன் நாம் நின்றபோது, கூட்டத்திலிருந்த முதிய அம்மையார் ஒருவர், “தம்பி, இது சங்கிலியன் கட்டினதோ?” என்று கேட்டார். “ஓம் அம்மா, அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம்” என்றார் வழிகாட்டி. அவர் பொய் கூறவில்லை. ‘சொல்லுகினம்’ என்ற வினையிலே முழு உண்மையும் அடங்கியிருந்தது. ஆயின் அடுத்த வாக்கியத்திலேயே அவ்வினை மறைந்துபோயிற்று. இவ்வாயிலால் அரசன் பரிவாரங்களோடு எழுந்தருளிய காட்சியை அவர் கண்டவர் போல வருணிக்கத் தொடங்கினார். கேட்டோர் கண்கலங்கினர். கட்டடத்தையோ எவரும் பார்க்கவில்லை.

பார்த்திருப்பின் என்ன கண்டிருப்பர்? வாயிலின் வட்ட வளைவு, அதன் இருமருங்கிலும் சுவரோடு ஒட்டிய தூண்கள், சுதையாலான விளிம்பு வேலைப்பாடுகள் ஆகியன ஐரோப்பியக் கட்டட மரபைச் சார்ந்தவை. திராவிடக் கட்டடக்கலையிலே வாயில் என்பது நிலைக்கல்லும் உத்தரமும் தாங்கி நிற்பது. வளைவு அதன் இயல்பான உறுப்பன்று. ஆதலால் இவ்வாயிலை ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தையோ அதனை ஒட்டிய காலத்தையோ சேர்ந்தது எனக் கருதுவாரின் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது. போர்த்துக்கேயர் 1619இல் அரசைக் கைப்பற்றினர். சங்கிலி மன்னன் சிறைப்பட்டுக் கோவாவிலே கொல்லப்பட்டான். 1621இல் பழைய கந்தசுவாமி கோயில் பிலிப் டி ஒலிவேராவின் ஆணையால் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இவ்வரலாற்றையும் வழிகாட்டி தவறின்றிச் சொன்னார். யாவும் இடிக்கப்பட்டன என்று சொல்லிய அதே வாயால், இவ்வாயில் மட்டும் எஞ்சியது எவ்வாறு என்ற வினாவை அவர் எழுப்பவில்லை, நாமும் எழுப்பவில்லை.

அயலிலுள்ள யமுனா ஏரியிலும் இதுவே நிகழ்ந்தது. ‘ப’ வடிவில் அமைந்த இக்கேணிக்கு யமுனை நதியின் தீர்த்தம் கொணரப்பட்டது என்பது மரபு. அம்மரபைச் சொல்லுதல் முறையே. ஆனால் ஆறுகளற்ற சுண்ணக்கற் பூமியான குடாநாட்டிலே நிலத்தடி நீரும் மழைநீருமே வாழ்வின் ஆதாரம் என்பதையும், இங்கே கேணியொன்றை வெட்டிக் கல்லாற் கட்டுதல் எத்துணைப் பெரிய வினை என்பதையும் சொல்லியிருப்பின், புராணப் புகழோடு தொழில்நுட்பப் புகழும் அக்கேணிக்குக் கிட்டியிருக்கும்.

மந்திரி மனையின் முன் நின்றபோது குறைபாடு துயரமாக மாறிற்று. பெயர் அதனை அரசனின் அமைச்சரோடு இணைக்கின்றது. நிலத்தடிச் சுரங்கப் பாதை பற்றிய கதையும் வழங்குகின்றது. ஆனால் வளைவுகளோடு கூடிய முகப்பும், மரவேலைப்பாடும், மாடியும் கொண்ட அக்கட்டடம் ஐரோப்பிய மரபும் உள்ளூர்த் தச்சு மரபும் கலந்த பிற்காலப் படைப்பு என்பது காண்பார்க்குத் தெளிவு. பழைய மனையிருந்த இடத்திலே அது எழுந்திருத்தல் கூடும். அது வேறு செய்தி. 2025 ஆம் ஆண்டிலே பெய்த மழையில் அக்கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. ‘அரசர் காலச் சின்னம் அழிகின்றது’ என்ற குரல் எங்கும் எழுந்தது. அக்குரலின் கவலை மெய்யானது. ஆயின் நாம் காக்கத் தவறிய கட்டடம் எது என்பதையே நாம் அறிந்திருக்கவில்லை என்பது அதனினும் கவலைக்குரியது. ஒரு கட்டடத்தைப் பேணுவதற்கு அதன் சுவர் முருகைக்கல்லா செங்கல்லா, சாந்து எத்தகைய சுண்ணாம்பு, கூரையின் பாரத்தை எவ்வளை தாங்குகின்றது என்பன தெரிதல் வேண்டும். அளந்து வரைந்த படமுள்ள கட்டடம் வீழ்ந்தாலும் மீள எழக்கூடும். படமற்ற கட்டடம் வீழ்ந்தால் கதையே எஞ்சும்.

எம்மவர் இக்கதைகளை விடாது பற்றிநிற்பதற்குக் காரணமுண்டு. தலைநகர் இடிக்கப்பட்டது; கோயிற் கற்கள் அந்நியர் கட்டடங்களுக்குப் பயன்பட்டன என்ற நினைவு மரபிலே நிலைத்துள்ளது; அண்மைக் காலத்திலே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரியுண்டது. ஏடும் கல்லும் இழந்த மக்கள் எஞ்சிய கல்லொவ்வொன்றையும் அரசனின் கல்லாகக் காண விழைதல் இயல்பே. இவ்வாயில் சங்கிலியனுடையதன்று என ஒப்புக்கொண்டால், தமிழரசொன்று இங்கு இருந்ததையே மறுப்பார்க்கு இடங்கொடுத்ததாகுமே என்ற அச்சமும் உண்டு. இவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. ஆனால் இதற்கு ஆட்படுதலும் தகாது. யாழ்ப்பாண அரசின் இருப்புக்குச் ‘சேது’ என்னும் பெயர் பொறித்த காசுகள் சான்று. கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டுச் சான்று. அவ்வரசை வென்ற போர்த்துக்கேயரின் ஆவணங்களே சான்று. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதியபோதும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இல் இவ்வரசு பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டபோதும், மரபுச் செய்திகளை ஆவணங்களோடு ஒப்புநோக்கியே முடிவுகளை நாடினர். வலுவான வழக்குக்குப் பொய்ச்சாட்சி வேண்டியதில்லை. பொய்ச்சாட்சி ஒன்று குறுக்கு விசாரணையில் வீழுமாயின், மெய்ச்சாட்சிகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றும் கருதற்பாலது. அறியப்படாத கட்டடக்கலையைக் காட்டுவதாகக் கூறிய அந்நடை, வழிநெடுக இருந்த அத்தகைய கட்டடக்கலையை ஒரு சொல்லுமின்றிக் கடந்து சென்றது. அரசன் பெயரோ அமைச்சர் பெயரோ இல்லாதது அதன் கண்ணிற் படவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுவே திறந்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், உள்நோக்கிச் சரியும் கூரை முற்றத்துக்கு மழையையும் ஒளியையும் காற்றையும் தருவது. வெளியே வீதியோரத்திற் கூரை வேய்ந்த சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவும் அது உதவியது. பாரம் சுமந்து வருவோர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி; மாடு உடலை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக்கல். பனைமரம் வளையும் சலாகையுமாயிற்று; கடல் தந்த முருகைக்கல் சுவரும் சுண்ணாம்புமாயிற்று. இவையனைத்தும் இந்நிலத்தின் தேவையும் பொருளும் சேர்ந்து ஈன்ற கலை.

இவற்றையும் புகழ்ந்து மட்டும் நின்றுவிடலாகாது. கட்டடம் சமூக உறவின் வடிவம். நாற்சார் வீடு நிலமுடையோர் வீடு. அதன் திண்ணையில் எவர் அமரலாம், எவர் முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்தது. அவ்வீட்டைக் கட்டிய கொத்தரும் தச்சரும், அவ்வளவிலே உழைத்தோரும் மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட குடிசைகளிலே வாழ்ந்தனர். அவை மழையோடு கரைந்தன. எந்த நடையிலும் அவை இடம்பெறா. அரசரது வாயிலைத் தேடும் கண்ணுக்கு இவ்வினாக்கள் எழுவதில்லை. கதையின் நாயகர் யார் என்பதை முன்னரே முடிவுசெய்துவிட்டு நடப்பவர்க்கு, நகரம் தன் கதையைச் சொல்வதில்லை.

அங்ஙனமாயின் நல்ல வழிகாட்டி நடை எவ்வாறு அமைதல் வேண்டும்? மரபு கூறுவது, ஆவணம் கூறுவது, கட்டடம் தன் வடிவாற் கூறுவது என்னும் மூன்றையும் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். அவை ஒத்துநிற்கும் இடத்தையும் முரண்படும் இடத்தையும் மறைத்தல் கூடாது. இது கேட்போரின் சுவையைக் கெடுக்கும் என்பார் உளர். எமது அனுபவம் வேறு. நடை முடிந்த பின் அவ்வாயிலின் வளைவைப் பற்றி நான் அவ்வழிகாட்டியிடம் தனியே கேட்டேன். அவர் சிறிது நேரம் அதனை உற்றுநோக்கி, “ஐயா, நான் இவ்வளவு நாளும் இதைப் பாக்கேல்லை” என்றார். அன்று நான் கேட்ட சொற்களுள் மிகச் சிறந்தது அதுவே. அரசு போய், கோயில் போய், அந்நியர் ஆட்சி தொடர்ந்த காலத்தும் இவ்வூர்க் கொத்தர் அந்நிய வளைவைக் கற்றுத் தம் சுண்ணாம்பினாற் கட்டினர் என்பது, சங்கிலியன் சென்ற வாயில் என்பதிலும் குறைந்த கதையன்று. தோல்விக்குப் பின்னும் தொழில் மறவாது வாழ்ந்த மக்களின் கதை அது.

கலப்பை ஒப்புக்கொள்வதால் எம் மரபு சிறுமையுறும் என்று அஞ்சுவார் கந்தசுவாமி கோயிலுக்கே சென்று செவிசாய்த்தல் நன்று. பழைய கோயில் அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தபின், ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1734 ஆம் ஆண்டளவிற் குருக்கள் வளவிலே எழுந்த கோயில் அது. அங்கு இன்றும் ஓதப்படும் கட்டியத்தில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகுவின் பெயர் ஒலிக்கின்றது. 1450 ஆம் ஆண்டளவிலே கோட்டை அரசின் சார்பாக யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப்பெருமாளோடு அப்பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. வென்றவன் பெயரையும் நன்றியோடு சொல்லும் கோயிலுக்கு இல்லாத கூச்சம் எமக்கு ஏன்? நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் இக்கோயிலின் அமைப்பையும் நடைமுறையையும் ஆகம நோக்கிலே துணிந்து கண்டித்தவர். அவர் முடிபுகளை ஏற்பினும் மறுப்பினும், தன் ஊரைத் தானே விமர்சிக்கும் மரபு நல்லூருக்குப் புதிதன்று.

திருநெல்வேலியிலுள்ள எமது பல்கலைக்கழகத்திலிருந்து இக்கட்டடங்கள் சைக்கிளிற் சில நிமிட தூரத்திலே உள்ளன. நாள்தோறும் இவ்வீதியாற் செல்லும் மாணவர் பலர். கட்டணம் செலுத்திக் காண வருவோர் கதை கேட்டு மீள்வர். அயலில் இருப்போர்க்குக் கடமை வேறு. அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு சென்று, நிற்கும் சுவர்களை அளந்து, வாயில்களை வரைந்து, முதியோர் சொல்வதை அவர் சொல்லிலேயே பதிந்து வைத்தல் எம்மாலியன்ற பணி. அடுத்த மாரி வருவதற்குள் அதனைத் தொடங்குதல் வேண்டும்.